கெற்றரிங் வெட்டிய மின்குளம்

திருகோணமலையிற் பிறந்தவர்க்குக் குளம் வெட்டியவனின் பெருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோணேசர் திருக்கோயிலைத் திருப்பணி செய்த குளக்கோட்டனே கந்தளாய்க் குளத்தையும் கட்டுவித்தான் என்பது நம் மரபு. மாரியிற் சிறுகச் சிறுக வந்துசேரும் நீரைத் தேக்கிவைத்து, வேண்டும்பொழுது துருசு திறந்து வயலெங்கும் பாய்ச்சுவது இன்று நமக்கு மிக எளிய எண்ணமாகத் தோன்றுகிறது. ஆயினும், வரவு மெல்ல வந்தாற் போதும், செலவு விரைந்து நிகழலாம், இரண்டையும் இணைப்பதற்கு நடுவே ஒரு தேக்கம் வேண்டும் என்னும் அவ்வுண்மை முதன்முதல் எவரோ ஒருவரின் உள்ளத்தில் உதித்தே இருத்தல் வேண்டும்.

நம் வீதிகளில் ஓடும் ஒவ்வொரு மோட்டார்க் காரினுள்ளும் அத்தகைய குளமொன்று உண்டு. அதில் தேங்கி நிற்பது நீரன்று, மின்னாற்றல். பற்றரி என்று நாம் வழங்கும் அச்சேமிப்புக் கலத்தையும், அதற்கு வரவு கொணரும் மின்பிறப்பாக்கியையும், அதிலிருந்து செலவு கொள்ளும் தொடக்க மோட்டாரையும் விளக்குகளையும் ஒரே குடும்பமாகச் சேர்த்துவைத்தவர் அமெரிக்க அறிஞர் சாள்ஸ் பிராங்கிளின் கெற்றரிங். நியூயோர்க் நகரத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமொன்றின் பெயரில் அவர் பெயரின் பாதியைப் பலர் கேட்டிருப்பர். அவர் யார் என்று அறிந்தோர் சிலரே. அவர் தம் வாழ்வைத் தொடங்கியது பள்ளியாசிரியராக என்பதை அறிந்தோர் அவரினும் சிலர்.

கெற்றரிங் 1876ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 29ஆம் நாள், ஒகையோ மாநிலத்தில் லௌடன்வில் என்னும் சிற்றூரின் அயலிலிருந்த பண்ணை வீடொன்றிற் பிறந்தார். பிள்ளைகள் ஐவருள் அவர் நான்காமவர். உழவுத்தொழிற் குடும்பம், வறுமை என்று சொல்வதற்கில்லை, செல்வம் என்று சொல்வதற்கும் இல்லை. இயற்கை அவருக்குக் கூரிய அறிவை வழங்கிவிட்டு, கண்ணொளியில் மாத்திரம் உலோபத்தனம் காட்டிற்று. புத்தகத்தைச் சிறிது நேரம் நோக்கினாலே தலைவலி வந்துவிடும். ஆதலால் அவர் படித்ததினும் கேட்டது மிகுதி. கேட்டதினும் கையால் தொட்டுக் கழற்றிப் பார்த்தது மிகுதி.

உயர்பள்ளிப் படிப்பு முடிந்ததும் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியப் பணி ஏற்றார். பகலிற் பாடம் நடந்தது. மாலை வேளைகளில், மாணவரைக் கூட்டிவைத்து மின்சாரம், காந்தம், வெப்பம், புவியீர்ப்பு முதலியவற்றைச் சிறுசிறு சோதனைகளாற் செய்துகாட்டுவார். பாடவிதானத்தில் அவற்றுக்கு இடமிருந்ததா என்பதைப் பற்றி அவர் கவலைகொண்டதாகத் தெரியவில்லை. பரீட்சைக்கு வராத ஒன்றைக் கற்பிக்க அஞ்சும் நம் காலத்து ஆசிரியர் இச்செய்தியைச் சற்று நின்று சிந்திப்பாராக.

ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சேர்ந்தபோது, கண்ணோய் மீண்டும் குறுக்கிட்டது. படிப்பை நிறுத்திவிட்டுத் தொலைபேசிக் கம்பனியொன்றிற் கம்பம் நடும் குழுவிற் சேர்ந்தார். பின்னர் அக்குழுவின் தலைவரானார். வெயிலிலும் பனியிலும் கம்பங்களுக்குக் குழி தோண்டிய அந்நாள்கள் அவருடைய கண்ணுக்கு ஓய்வையும் கைக்குப் பழக்கத்தையும் ஒருங்கே அளித்தன. மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்து 1904இற் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது ஏறத்தாழ 28. உடன்படித்தவர் எல்லாரினும் அவர் மூத்தவராய் இருந்திருப்பார் போலும். அடுத்த ஆண்டு ஒலிவ் வில்லியம்ஸ் என்னும் நங்கையை மணந்தார். யூஜின் என்ற ஒரே மகன் 1908இற் பிறந்தான்.

பட்டம் பெற்றதும் டெய்ரன் நகரத்திலிருந்த காசுப்பதிவு இயந்திரக் கம்பனியில் அவருக்கு வேலை கிடைத்தது. கடைகளிற் பணம் போடும் பெட்டியுடன் கூடிய கணக்கு இயந்திரத்தை அக்காலத்திற் கையாற் சுற்றியே இயக்கினர். அதனை மின்சாரத்தால் இயக்க வேண்டும் என்பது கம்பனியின் விருப்பம். அதற்கு முயன்றவர்கள், வேண்டும் விசையைத் தரவல்ல மோட்டார் பெட்டிக்குள் அடங்காதபடி பெரிதாயிருக்கும் என்று கைவிட்டனர். கெற்றரிங் வேறுவிதமாக எண்ணினார். நாள் முழுதும் ஓயாது சுழலவேண்டிய மோட்டார் பெரிதாய்த்தான் இருக்கவேண்டும்; இல்லாவிடிற் சூடேறி எரிந்துவிடும். ஆனால் இப்பெட்டியில் மோட்டார் ஒரு நொடி உழைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளர் வரும்வரை ஓய்ந்திருக்கும். அந்த ஒரு நொடியில் அதன் அளவுக்கு மிஞ்சிய வேலையை வாங்கினாற் குற்றமென்ன? சூடேறுமுன் வேலை முடிந்துவிடுமன்றோ? 1906இல் மின்சாரக் காசுப்பதிவு இயந்திரம் வெளிவந்தது.

இவ்வொரு சிந்தனையே அவர் வாழ்நாள் முழுமைக்கும் மூலதனமாயிற்று என்றால் மிகையாகாது.

அக்கம்பனியில் அவருக்கு மேலதிகாரியாயும் நண்பராயும் வாய்த்தவர் எட்வேட் டீட்ஸ். அவருடைய வீட்டின் பின்புறத்தே வைக்கோற் களஞ்சியம் ஒன்றிருந்தது. பகலிற் கம்பனி வேலை முடித்தபின், இரவுகளிலும் விடுமுறை நாள்களிலும் கெற்றரிங்கும் உடன்பணியாற்றிய சிலரும் அக்களஞ்சியத்திற் கூடி மோட்டார்க் காரின் எரிபற்றலை ஆராய்ந்தனர். எஞ்சினின் உருளைக்குள் பெற்றோலும் காற்றும் கலந்த ஆவியைக் கொளுத்துவதற்கு ஒரு மின்பொறி வேண்டும். அக்காலத்துச் சாதனங்களுட் பல, ஒரு பொறிக்குப் பதிலாகப் பொறிமழையே பொழிந்தன. அதனால் உலர்கலங்கள் விரைவில் வறண்டன. கெற்றரிங் குழுவினர், உரிய கணத்தில் மின்னோட்டத்தைத் துண்டித்துத் தூண்டற் சுருளொன்றிற் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தத்தை எழுப்பி, ஒரே பொறியை, ஆனால் வலிய பொறியை, உண்டாக்கும் வழியைக் கண்டனர். கடிலாக் கார்க் கம்பனியின் தலைவர் ஹென்றி லேலண்ட் அதனைக் கண்டு மகிழ்ந்து 8,000 தொகுதிகளுக்கு ஆணையிட்டார். 1909இற் கெற்றரிங் வேலையைத் துறந்தார். டீட்சும் அவரும் சேர்ந்து தொடங்கிய ஆய்வுக்கூடக் கம்பனியே டெல்கோ என்று பின்னர் உலகெங்கும் பெயர்பெற்றது.

இனி, காரை எழுப்பும் தொல்லையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இன்றைய இளைஞர் அதனைக் கண்டறியார்.

அக்காலத்துக் காரின் முன்புறத்தே, இரும்புக் கைப்பிடி ஒன்றை மாட்டி, கால் ஊன்றி நின்று, முழுப் பலத்துடன் சுழற்றினாலன்றி எஞ்சின் உயிர்பெறாது. எஞ்சின் எழும் கணத்திற் சிலவேளை எதிர்ப்புறமாகச் சுழன்று கைப்பிடியைத் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தோரும் தோள் நழுவினோரும் ஏராளம். பெற்றோல் கார் வலிய ஆடவர்க்கே உரியது என்ற நிலை அதனால் ஏற்பட்டது. பெண்களும் முதியவர்களும் அந்நாளிலேயே வழக்கிலிருந்த மின்சாரக் கார்களை விரும்பி வாங்கினர். அவற்றிற் கைப்பிடி சுழற்றும் வேலை இல்லை. லேலண்டின் நண்பர் பைரன் காட்டர் என்பவர், வழியில் நின்றுபோன காரொன்றின் உரிமையாட்டிக்கு உதவப்போய், கைப்பிடி தாக்கித் தாடை முறிந்து, அப்புண்ணாலேயே உயிர்துறந்தார் என்றும், அத்துயரே லேலண்டைக் கெற்றரிங்கிடம் அனுப்பிற்று என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதை எவ்வாறாயினும், லேலண்ட் கேட்டார் என்பதும் கெற்றரிங் ஏற்றார் என்பதும் வரலாறு.

அறிஞர் பலர் அது ஆகாத காரியம் என்றனர். எஞ்சினைச் சுழற்றவல்ல மோட்டார் எஞ்சினளவு பெரிதாயிருக்கும். அதற்கு வேண்டிய பற்றரிகளை ஏற்ற இன்னொரு வண்டி வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினர். கணக்கிற் பிழையில்லை, கேள்வியிற்றான் பிழை. அவர்கள் ஓயாது உழைக்கும் மோட்டாரைக் கணக்கிட்டனர். கெற்றரிங்கின் உள்ளத்திலோ காசுப்பெட்டி நின்றது. எஞ்சின் எழுவதற்கு வேண்டுவது இரண்டு மூன்று நொடி உழைப்பு. எழுந்தபின், அதே எஞ்சின் தன்னைச் சுழற்றிய இயந்திரத்தைத் திருப்பிச் சுழற்றட்டும். சுழற்றப்படும் மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறிவிடும். எடுத்த மின்னைப் பற்றரிக்கு மீட்டுக் கொடுக்கும். 1911 பெப்ரவரியிற் கடிலாக் காரொன்றில் இவ்வமைப்பு பொருத்தப்பட்டு இயங்கிற்று. 1912ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் கார்கள் இதனுடனேயே விற்பனைக்கு வந்தன. எழுப்புவதற்கு 24 வோல்ற்று, விளக்குக்கும் மின்னேற்றத்துக்கும் 6 வோல்ற்று என இணைப்பை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருந்தது. இதன்பொருட்டு இலண்டனிலுள்ள அரச மோட்டார்க் கழகத்தின் டூவர்க் கிண்ணம் கடிலாக் கம்பனிக்கு இரண்டாம் முறையாகக் கிடைத்தது. காப்புரிமை கெற்றரிங் பெயரில் 1915இல் வழங்கப்பட்டது.

இவ்வமைப்பின் உள்ளியல்பை மாணவர்பொருட்டு இன்றைய கணக்கிற் கூறுவோம். காரின் பற்றரி ஆறு கலங்களின் தொடர். கலமொன்றுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ற்று; ஆறும் சேர 12.6. ஒவ்வொரு கலத்திலும் ஈயத் தகடும் ஈய ஈரொட்சைட்டுத் தகடும் ஐதான கந்தகவமிலத்தில் மூழ்கியிருக்கும். மின் வெளிச்செல்லும்போது இருவகைத் தகடுகளும் ஈயச் சல்பேற்றாய் மாறும்; அமிலம் தன் வன்மை இழந்து நீர்த்துப்போகும். வெளியிலிருந்து மின்னைச் செலுத்தினால் மாற்றம் முழுதும் பின்னோக்கி நடந்து, ஈயம் ஈயமாகவும் அமிலம் அமிலமாகவும் மீளும். இக்கலத்தைக் கண்டவர் கெற்றரிங் அல்லர். பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே, 1859இல். இரண்டாம் உலகப்போரின் பிற்பகுதியில் நம் உட்டுறைமுகத்திலிருந்து மலாக்கா நீரிணைவரை சென்றுவந்த பிரித்தானிய நீர்மூழ்கிகளும், கடலடியில் ஓடுகையில் இத்தகைய ஈயக் கலங்களின் ஆற்றலையே நம்பியிருந்தன. இரவில் மேலெழுந்து டீசல் எஞ்சினை இயக்கிப் பற்றரியை நிரப்பிக்கொள்ளும்.

சாவியைத் திருப்பியவுடன் தொடக்க மோட்டார் பற்றரியிலிருந்து சுமார் 150 அம்பியர் ஓட்டத்தை இழுக்கிறது என்று கொள்வோம். முகவிளக்கொன்று கொள்வது 5 அம்பியருக்கும் சற்றுக் குறைவு. அஃதாவது, முப்பது விளக்குகளின் உணவை அம்மோட்டார் ஒரே வாயில் விழுங்குகிறது. அழுத்தம் அப்போது 10 வோல்ற்றளவுக்கு இறங்கும். ஆகவே ஆற்றல் 1,500 வாற்று, இரண்டு குதிரைவலு. ஆயின் இரண்டே நொடி. பின்னர் மின்பிறப்பாக்கி நொடிக்குநொடி 10 அம்பியர் வீதம் திருப்பிச் செலுத்தினால், அப்பெருங்கடன் அரை நிமிடத்திலே தீர்ந்துவிடும். இடையிழப்பைச் சேர்த்தாலும் ஒரு நிமிடம் வேண்டுவதில்லை. வண்டி ஒரு தெருவைக் கடக்குமுன் குளம் நிரம்பிவிட்டது!

குளத்துக்கு நீர் வரவேண்டுமாயின் வாய்க்கால் குளத்தினும் மேட்டில் இருத்தல் வேண்டும். அதுபோல மின்பிறப்பாக்கியின் அழுத்தம் 14 வோல்ற்றை அண்டி நிற்கும், அப்போதுதான் 12.6 வோல்ற்றுப் பற்றரிக்குள் மின் பாயும். எஞ்சின் நின்றுவிட்டால் வாய்க்கால் தாழ்ந்துவிடும். குளத்து நீர் பின்னோக்கி ஓடி வீணாகும். அதனைத் தடுக்கக் கெற்றரிங் காலத்தில் தானே விலகித் துண்டிக்கும் காந்தத் தொடுப்பி ஒன்று வைத்தனர். குளம் நிரம்பியபின்னும் வரவு குறையாதாயிற் பற்றரி கொதித்து அதன் நீர் வாயுவாகப் பிரிந்துபோகும். அதற்கு வான்போல அமைந்தது அழுத்தச் சீராக்கி. காரின் இரும்புடலே மீள்வழிக் கம்பியாகப் பயன்படுவதால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கம்பி போதும். 1990களில் வடக்கில் மின்சாரமும் பற்றரியும் கிடையாதொழிந்த காலத்தில், சைக்கிள் டைனமோவை உழக்கி வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு இவ்விளக்கம் தேவைப்படாது. மிதிப்பதை நிறுத்தியதும் செய்தி நின்றுபோனதே, தேக்கம் இல்லாத வரவின் இயல்பை அவர்களுக்கு உணர்த்தியிருக்கும்.

கைப்பிடி ஒழிந்தது. பெண்கள் பெற்றோல் காரை ஓட்டத் தொடங்கினர். வேடிக்கை என்னவெனில், மின்சாரக் காரின் வாழ்வை முடித்துவைத்த காரணங்களுள் ஒன்று, பெற்றோல் காரினுள் வைத்த இச்சிறு மின்மோட்டாரே.

1916இல் டெல்கோ பெருவிலைக்கு விற்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது ஜெனரல் மோட்டோர்ஸ் என்னும் பெருங்கம்பனிக்குள் அடங்கிற்று. மின்கம்பி எட்டாத பண்ணை வீடுகளுக்கென ஒரு சிறு எஞ்சினும் 32 வோல்ற்றுப் பற்றரி வரிசையும் கொண்ட விளக்குத் தொகுதியையும் கெற்றரிங் அக்காலத்தில் அமைத்தார். காரின் மின்குளத்தை அவ்வாறு வீட்டு முற்றத்துக்கும் கொண்டுவந்தார். 1920இல் அப்பெருங்கம்பனியின் ஆராய்ச்சித் தலைமையை ஏற்று, 1947வரை அப்பதவியில் இருந்தார். தோல்வியும் கண்டார். நீருக்குப் பதிலாகச் செப்புத் தகடுகளாலும் காற்றாலும் குளிரும் எஞ்சினொன்றை அவர் பெரிதும் நம்பினார். 1923இல் நூற்றளவான கார்கள் மக்கள் கைக்குச் சென்றபின் அவை எல்லாம் திருப்பி அழைக்கப்பட்டன. பதவி விலக முன்வந்தார். கம்பனித் தலைவர் அல்பிரெட் சுலோன் அதனை ஏற்கவில்லை.

இனிக் கூறப்போவது அவர் வரலாற்றின் இருண்ட பகுதி. அதனைத் தவிர்த்து எழுதிய வரலாறுகளும் உண்டு. நமக்கு அது முறையன்று.

எரிபற்றல் சீரானபின் எஞ்சின்களில் ஓர் இடித்தல் ஓசை பெரும் பழியாய் எழுந்தது. குற்றம் கெற்றரிங்கின் பற்றரி எரிபற்றலுடையது என்று பலர் தூற்றினர். அவரோ, குற்றம் எரிபொருள் எரியும் விதத்திலுள்ளது எனக் கருதி, தோமஸ் மிட்ஜ்லி என்னும் இளைஞரை அவ்வாராய்ச்சியில் ஏவினார். எத்தனையோ பொருள்களைச் சோதித்தபின், 1921 டிசம்பர் 9ஆம் நாள், நால்எதைல் ஈயம் என்னும் நீர்மம் சிறிதளவு கலந்தாலே அவ்விடித்தல் அடங்குவதை மிட்ஜ்லி கண்டார். மதுசாரம் கலந்தாலும் அடங்கும் என்பதை அவ்விருவரும் அறிந்தேயிருந்தனர். ஆயினும் ஈயத்துக்குக் காப்புரிமை உண்டு. சிறு அளவும் போதும். மதுசாரத்துக்கு அவ்விரண்டும் இல்லை. 1923 பெப்ரவரியில் டெய்ரன் நகரத்துக் கடையொன்றில் ஈயப் பெற்றோல் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அதனை விற்பதற்கென 1924இல் எழுந்த எதைல் கம்பனியின் தலைவர் கெற்றரிங்.

அதே ஆண்டு ஒக்ரோபரில், நியூ ஜேர்சி மாநிலத்து ஆலையொன்றில் அந்நீர்மத்தை ஆக்கிய தொழிலாளர் ஐவர் சித்தம் பேதலித்து, சில நாள்களுக்குள் இறந்தனர். 1925 மே மாதம் விற்பனை நிறுத்தப்பட்டு, அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வாஷிங்டனில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். தொழில்நோய் மருத்துவத்தில் தலைசிறந்த அலிஸ் ஹமில்ற்றன் அம்மையாரும், யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் யாண்டெல் ஹெண்டர்சனும், இவ்வீயம் தெருவெங்கும் பரவி மக்களின் உடலில் மெல்லமெல்லச் சேரும் என எச்சரித்தனர். கெற்றரிங் கம்பனியின் பக்கம் நின்றார். 1926 ஜனவரியில், தடைசெய்யக் காரணமில்லை என்று குழு தீர்ப்பளித்தது. விற்பனை மீண்டும் தொடங்கிற்று. சின்சினாற்றியில் 1930இல் அவர் பெயராலேயே அமைந்த ஆய்வுக்கூடம், ஈயம் தீங்கற்றது என்னும் வாதத்துக்குப் பல்லாண்டு துணைநின்றது. பூமியின் வயதைக் கணித்த கிளெயர் பற்றர்சன், மனித உடலில் உள்ள ஈயம் இயற்கையளவினும் பன்மடங்கு என்று 1965இல் எழுதிய பின்னரே அவ்வாதம் ஆட்டங்கண்டது.

மாணவர் ஒன்றை உற்றுநோக்குவாராக. பற்றரியிலும் ஈயம், பெற்றோலிலும் ஈயம். பற்றரியின் ஈயம் சல்பேற்றாய் மாறிப் பின் ஈயமாய் மீளும். எத்தனை ஆயிரம் தடவை சென்றாலும் கலத்தைவிட்டு வெளியேறாது. பெற்றோலில் இட்ட ஈயமோ புகைக்குழாய் வழியே வெளியேறி, மண்ணிலும் நீரிலும் குழந்தைகளின் குருதியிலும் தங்கிவிட்டது. அதற்கு மீள்வழிக் கம்பி இல்லை. வரவுசெலவை இத்துணை நுட்பமாகக் கண்ட ஒருவர், இச்செலவுக்கு வரவு எங்கே என்று ஏன் கேட்கவில்லை? அறியாமை என்று சொல்லித் தப்புவிக்க இயலாது. மாநாட்டிலே முகத்துக்கெதிரே சொன்னார்கள். இலாபம் ஒன்றே காரணம் என்று தள்ளிவிடவும் என் மனம் இசையவில்லை. கையாற் தொட்டு, கண்முன் இயங்கக் கண்டதையே உண்மை என்று கொள்ளும் அறிவு அவருடையது. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு குழந்தையின் அறிவிற் காணவேண்டிய குறையை அத்தகைய அறிவு எளிதில் எண்ணிப்பார்ப்பதில்லை.

இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் ஒழிந்தது. உலகில் கடைசியாக அதனை விற்ற அல்ஜீரியா 2021இல் நிறுத்திற்று. முதல் விற்பனைக்கும் இறுதி விற்பனைக்கும் இடையே 98 ஆண்டுகள். பற்றரியின் ஈயமும் கலம் உடையாதவரையிலேதான் குற்றமற்றது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பழைய பற்றரிகளை வளவுக்குள் உடைத்து ஈயம் உருக்குவோர், தம் பிள்ளைகளுக்கே நஞ்சூட்டுகின்றனர்.

மிட்ஜ்லியைக் கொண்டே, குளிரூட்டிகளுக்கென நச்சற்ற வாயு ஒன்றையும் கெற்றரிங் தேடுவித்தார். பிரேயன் என்று பெயர்பெற்ற அது வீட்டில் தீங்கற்றதாய் இருந்து, வானின் ஓசோன் படையை அரித்தது. 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை அதனைக் கட்டுப்படுத்திற்று. இதில் அவரைக் குற்றங்கூறுவது நேர்மையன்று. அக்காலத்தில் எவரும் அதனை அறியார்.

டீசல் எஞ்சினில் அவர் செய்த பணி வேறு. கப்பலுக்கும் ஆலைக்குமே ஏற்றதாய்ப் பருத்துக்கிடந்த அவ்வெஞ்சினை, இரண்டடிப்பு முறையில் இலேசாக்கி, புகையிரதத்தில் ஏற்றவைத்தார். மகன் யூஜினும் உடன் உழைத்தார். 1934 மே மாதம் அவ்வெஞ்சின் பூட்டிய வெள்ளிநிறத் தொடர்வண்டி டென்வரிலிருந்து சிக்காகோவரை இடைநில்லாது 13 மணி 5 நிமிடத்தில் ஓடிற்று. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாடு 1954 முதல் நமக்கு அளித்த டீசல் இழுபொறிகள், அக்குலத்தில் வந்தவை. அல்பேற்றா, ஒன்ராறியோ முதலிய கனடிய மாகாணப் பெயர்களைத் தாங்கிய அவற்றைப் புகையிரதப் பயணிகளுள் மூத்தோர் அறிவர்.

முதுமையிற் செல்வமும் புகழும் நிரம்பியிருந்தன. 180க்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. இலை ஒளியை உணவாக்கும் விதத்தை ஆராய்வதற்குப் பெரும்பொருள் ஈந்தார். ஏன் புல் பச்சையாயிருக்கிறது என்னும் கேள்வி அவரை இறுதிவரை விடவில்லை. 1945இற் சுலோனும் அவரும் சேர்ந்து புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினர். அடுத்த ஆண்டே மனைவி ஒலிவ் காலமானார். டெய்ரனுக்கு அயலிலுள்ள ஊரொன்று அவர் வாழ்ந்திருக்கையிலேயே அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1958 நவம்பர் 25ஆம் நாள், தம் 82ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அவர் மறைந்த சில ஆண்டுகளில் மின்குளத்தின் வாய்க்கால் மாறிற்று. பழைய டைனமோ, எஞ்சின் மெல்லச் சுழலும்போது போதிய மின் தராது. 1960 முதல் ஆடலோட்ட மின்பிறப்பாக்கி கார்களிற் பரவிற்று. அது தரும் ஆடலோட்டத்தைச் சிலிக்கன் இருவாயிகள் நேரோட்டமாக்குகின்றன. பின்னோக்கி ஓடவிடாத ஒருவழிக் கதவும் அவையே. ஆதலால், சந்தை நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரிலும் பற்றரி வறள்வதில்லை. அழுத்தத்தை அளந்து சீராக்கும் வேலை பின்னர்க் கணினியின் கைக்குச் சென்றது. எனினும், நாட்கணக்கில் ஓட்டாது நிறுத்திய வண்டியின் பற்றரி, கடிகாரமும் பூட்டும் சிறுகச் சிறுக உறிஞ்சுவதால் வற்றும். வற்றியபடி விட்டுவைத்தால் தகட்டிற் படிந்த சல்பேற்று இறுகிப் படிகமாகி மீளமறுக்கும். வெப்பம் மிகுந்த நம் கரையோரத்தில் அதன் ஆயுள் குளிர்நாட்டினும் குறைவு.

தொடக்க மோட்டார் வேறு, மின்பிறப்பாக்கி வேறு என இடைக்காலத்திற் பிரிந்த இரண்டும், இந்நூற்றாண்டில் நம் நாட்டிற் பெருகிய ஹைபிரிட் கார்களில் மீண்டும் கூடின. எஞ்சினை எழுப்புவதும், எழுந்தபின் மின் தருவதும், அவற்றில் ஒரே இயந்திரத்தின் வேலை. 1912ஆம் ஆண்டுக் கடிலாக்கிற் கெற்றரிங் வைத்ததும் அதுவே. அந்த ஹைபிரிட் காரில் நூற்றுக்கணக்கான வோல்ற்று அழுத்தமுள்ள பெரும் பற்றரி ஒன்றிருக்க, பின்பக்க மூலையிலோ ஆசனத்தடியிலோ 12 வோல்ற்று ஈயப் பற்றரி ஒன்றும் சிறிதாய் அமர்ந்திருக்கும். கணினியை விழிக்கச்செய்து பெரும் பற்றரியின் கதவைத் திறக்கும் வேலை அதனுடையது. அது வற்றிவிட்டால், பெரியது நிறைந்திருந்தும், வண்டி அசையாது.